கிழக்கே இருபதடி

நெடுஞ்சாலை தேவையா, வெட்டி வேலையா என்று இன்றைக்கு யாராவது என்னிடம் கேட்டால் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவேன். பதில் தெரியாமல் இல்லை. எந்தப் பக்கம் வேண்டுமோ அந்தப் பக்கம் பன்னிரண்டு நிமிடம் என்னால் பேச முடியும், கைதட்டலும் வாங்க முடியும். அந்த வாயை வைத்துக்கொண்டுதான் நான் மாட்டிக்கொண்டேன்.

எண்பதுகளின் தொடக்கம். நாமக்கல்லிலிருந்து ராசிபுரம் போகிற வழியில் எங்கள் தோட்டம். பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளியில் நான் தமிழாசிரியை. இருபத்தேழு வயது, கல்யாணம் ஆகவில்லை. அம்மா போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. தோட்டத்து வீட்டில் அப்பாவும் நானும்தான்.

எங்கள் தோட்டத்து ஓரமாகப் போனது சாதாரண ரோடு இல்லை. கன்னியாகுமரியில் ஏறினால் நாலைந்து மாநிலம் தாண்டிக் காசியில் கொண்டுபோய் விடும் ரோடு. ஆனால் எங்கள் தோட்டத்துக்கு வந்ததும் அதற்கு என்ன தோன்றுமோ, நேராகப் போகாமல் கிழக்கே ஒரு வளைவு போட்டுத் திரும்பும். வருஷத்துக்கு ஒரு லாரியாவது அந்த வளைவில் குப்புறக் கிடக்கும். வளைவுக்கும் எங்கள் வேலிக்கும் நடுவே நீளவாக்கில் கொஞ்சம் புறம்போக்கு. அதில் மூன்று குடிசைகள், எங்கள் காட்டில் வேலைக்கு வருகிறவர்களுடையவை. வேலிக்கு உள்ளே பத்தடி தள்ளி எங்கள் கிணறு.

வளைவை நேராக்கப் போகிறோம் என்று அளவைக்காரர்கள் வந்தார்கள். சங்கிலி பிடித்து அளந்து வெள்ளையடித்த கல் நட்டார்கள். கல் கிணற்றுக்கு மேற்கே விழுந்தது. அதாவது கிணறு ரோட்டுக்குள்ளே போய்விட்டது, குடிசைகள் தப்பின.

அந்தக் கிணற்றை அப்பா ஆறு வருஷம் வெட்டினார். முப்பதடியில் பாறை வந்து, வெடி வைத்து, பிறகும் முப்பதடி போனார். கல்லை அம்மா கூடையில் சுமந்தாள். குடிசையிலிருந்து ஒருத்தி வந்து கூடச் சுமந்தாள். அவளும் அம்மாவும் ஏறக்குறைய ஒரே வயது. எங்கள் ஐந்து ஏக்கருக்கும் வேறு தண்ணீர் கிடையாது. கிணறு போனால் அப்பா லாரிப் பட்டறை வாசலில் காவலுக்கு உட்கார வேண்டியதுதான். அதை அவரே வாய்விட்டுச் சொன்னார்.

பெரிய அளவைக்காரர் தங்கமான மனுஷர். மோர் வாங்கிக் குடித்துவிட்டு அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டார்.

“ஆட்சேபணை மனு ஒண்ணு எழுதித் தாலுகா ஆபீஸ்ல குடுங்கய்யா. கெழக்க இருபதடி தள்ளிக்கலாம். பொறம்போக்குத்தானே, கேக்க ஆளில்ல.”

மனுவை நான்தான் எழுதினேன். ‘கிழக்கே உள்ள அரசுப் புறம்போக்கு காலியாகக் கிடப்பதால், எவருக்கும் இடையூறின்றிச் சாலையை இருபதடி தள்ளி அமைக்கலாம்’ என்று முத்து முத்தாக எழுதினேன். அந்த மூன்று குடிசைகளையும் தாண்டித்தான் தினமும் பஸ் ஏறப் போவேன். அம்மாவோடு கல் சுமந்த அந்தக் குடிசைக்காரி வாசல் கூட்டுவதைப் பார்த்துக்கொண்டேதான் போவேன். இருந்தும் காலி என்று எழுதினேன். எங்கள் ஆட்கள் பேச்சில் புறம்போக்கு என்றால் காலி, அவ்வளவுதான். என் புத்தியும் அந்தப் பேச்சில் வளர்ந்த புத்திதானே.

அப்பா உடனே கையெழுத்துப் போட்டிருந்தால் கதையே இல்லை. அதற்குள் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு நோம்பி சாட்டிவிட்டார்கள். நோம்பி சாட்டிய பிறகு வம்பு வழக்கு என்று எந்தக் காகிதத்திலும் கை வைக்கக் கூடாது என்பது அப்பாவின் கணக்கு. “நோம்பி முடியட்டும் அம்மிணி, நாளு கெடக்குது” என்றார். மனு அலமாரியில் அம்மா படத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்தது.

அந்த வருஷம் நோம்பிக் கமிட்டிப் பையன்களுக்குப் புதிதாக ஏதாவது செய்ய வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. மஞ்சள் நீராட்டன்று சாயங்காலம் கோயில் பந்தலில் பட்டிமன்றம் என்றார்கள். தலைப்பு, ‘வடக்கே போகும் நெடுஞ்சாலை நம் ஊருக்குத் தேவையே, தேவையில்லையே’. ஊரே கல் நட்டதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது, அதனால் அந்தத் தலைப்பு. அக்கம்பக்கத்து ஊர்களில் நாலைந்து மேடை ஏறியிருந்ததால் என்னையும் கூப்பிட்டார்கள். தேவையில்லை என்கிற பக்கம் பேசி அளவைக்காரர்களைக் கிழித்துத் தொங்கவிட வேண்டும் என்று இரண்டு நாள் குறிப்பெடுத்தேன்.

நடுவராக வந்தவர் ராசிபுரத்துக்காரர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். மேடைக்குப் பின்னால் வைத்துச் சீட்டுக் குலுக்கினார். எனக்கு வந்தது ‘தேவையே’.

“ஐயா, எனக்கு வேண்டாங்கய்யா, மாத்திக் குடுத்துருங்க. எங்க கெணறே போகுதுங்க” என்றேன்.

அவர் சிரித்தார். “கெட்டிக்காரப் பேச்சாளருக்கு எந்தப் பக்கமா இருந்தா என்னம்மா? முடியாட்டிச் சொல்லு, வேற ஆளப் பாத்துக்கறேன்.”

முடியாட்டிச் சொல்லு என்றதும் எனக்குச் சுருக்கென்றது. முடியாது என்று இதுவரை யாரிடமாவது சொல்லியிருக்கிறேனா? அந்தச் சீட்டை அங்கேயே கிழித்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். எடுத்த குறிப்பையெல்லாம் கசக்கிப் போட்டுவிட்டு மேடை ஏறினேன்.

எனக்கு முன்னால் பேசியவர் கூட்டுறவு சங்கத்து எழுத்தர், எதிரணி, ஊர்ப் பேச்சிலேயே பேசிக் கூட்டத்தைக் குலுங்க வைத்துவிட்டார். “வடக்கத்தி லாரிக்காரன் நம்மூர்ல நின்னு ஒரு டீ குடிக்கறானாங்க? நேராப் போறானாமா. நேராப் போனா எம்புட்டு நேரம் மிச்சமாகும்னு எங்க தம்பியச் சைக்கிள்ள உட்டுப் பாத்தேன். அரை நிமிசமுங்க! அரை நிமிசம் முன்னால போயிக் காசில என்ன பண்ணப் போறான், முங்கி எந்திரிக்கறதுக்கா?” என்றார். பந்தலே கெக்கலித்தது. கடைசியில் என் பக்கம் திரும்பினார். “டீச்சரம்மா கெணத்துமேலதான் கல்லு உழுந்திருக்குதாமா. அதுக்கும் சேத்தி ரோடு வேணும்னு அவிய சொல்லட்டும், நான் எறங்கிப் போயர்றேன்.”

அட கெரகமே! கூட்டம் மொத்தமும் என் முகத்தைப் பார்த்தது. மூன்றாவது வரிசையில் அப்பா, புது வேட்டி கட்டி, காதில் பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எழுந்தேன். சேலத்து ஜவ்வரிசி பம்பாய் போக வேண்டாமா, ராசிபுரத்து நெய் மெட்ராஸ் போக வேண்டாமா, ரோடு இல்லாவிட்டால் நாமக்கல்லில் இத்தனை பேர் லாரிக்குப் பாடி கட்டி என்ன காணப் போகிறார்கள் என்று அடுக்கினேன். போன ஆடியில் அந்த வளைவில் கவிழ்ந்த லாரியைச் சொன்னேன். கதவு நசுங்கி, டிரைவர் உள்ளே கிடந்து, கடப்பாரையால் நெம்பி எடுப்பதற்குள் மூன்று மணி நேரம். தண்ணீர் தண்ணீர் என்று அவர் கேட்டது எனக்குக் காதிலேயே இருந்தது. அதைச் சொல்லும்போது பொய்யாகப் பேசவில்லை. பந்தல் அடங்கிப் போயிருந்தது. அந்த அமைதி தலைக்கு ஏறிவிட்டது.

“எங்கள் கிணறுதானே குறுக்கே நிற்கிறது?” என்றேன். “இதோ, மாரியம்மன் சன்னதியில் நின்று சொல்கிறேன். என் தந்தையார் சார்பாகவும் சொல்கிறேன். அந்தக் கிணற்றைத் தூர்த்துக் கொடுக்கிறோம். வரட்டும் சாலை!”

கைதட்டல் என்றால் அப்படி ஒரு கைதட்டல். பம்பைக்காரர் இரண்டு அடி அடித்தார். அதே நேரம் உள்ளே பூசாரி எதற்கோ மணி அடித்தார். என் பக்கமே ஜெயித்தது என்று நடுவர் தீர்ப்புச் சொல்லித் துண்டு போர்த்தினார். எழுத்தர் கூடக் கையெடுத்துக் கும்பிட்டார். கூட்டத்தில் அப்பாவைத் தேடினேன், எழுந்து போயிருந்தார்.

மறுநாள் காலையில் மனுவையும் பேனாவையும் கொண்டுபோய் நீட்டினேன். ஆட்சேபணைக்கு இன்னும் பதினோரு நாள் இருந்தது.

“அது எதுக்கு இனி?” என்றார் அப்பா.

“ஏனுங்கப்பா, நோம்பிதான் முடிஞ்சுதுங்களே.”

“கெணத்தத்தான் குடுத்தாச்சல்ல.”

“ஆருங்க குடுத்தது?”

“நீதான் குடுத்த. எம்பேரச் சொல்லிக் குடுத்த. நீ சொன்னதும் உள்ள மணி அடிச்சுது.”

“அது பட்டிமன்றமுங்கப்பா! சீட்டுல எந்தப் பக்கம் வருதோ அதப் பேசறதுங்க. இன்னொரு பக்கம் வந்திருந்தா ரோடே வேண்டாம்னு பேசியிருப்பேன்.”

“அப்புடீன்னா டீக்கடைல நின்னு பேசியிருக்கோணும் சாமி. அவ முன்னால நின்னு எதுக்குப் பேசுன?”

கத்தினேன். கெஞ்சினேன். சோறு ஆக்க மாட்டேன் என்று படுத்துக்கொண்டேன். அவரே கஞ்சி காய்ச்சிக் குடித்துவிட்டு எனக்கும் ஒரு சட்டியில் ஊற்றி மூடி வைத்தார். கோபித்துத் திட்டியிருந்தால் நானும் திட்டி ஆற்றிக்கொண்டிருப்பேன், திட்டவே இல்லை. நான் பேசியதில் அவருக்குப் பெருமை வேறு. அதுதான் தாங்கவில்லை. “என்ன பேச்சு பேசிப்போட்டா எம்புள்ள” என்று பால் ஊற்றும் இடத்தில் சொன்னாராம்.

வெளியே போனால் அதைவிட மோசம். பஸ் கண்டக்டர் என்னைப் பார்த்ததும் “வரட்டும் சாலை!” என்று விசில் ஊதுவார். பள்ளிக்கூடத்தில் காலை வணக்கக் கூட்டத்தில் தலைமையாசிரியர் எனக்குப் பாராட்டுச் சொன்னார். ஏழாம் வகுப்புப் பெண்கள் அந்த வசனத்தை ஏற்ற இறக்கத்தோடு நடித்துக் காட்டினார்கள். நான் சொன்ன சொல்லே வேலி மாதிரி நாலு பக்கமும் அடைத்துக்கொண்டு நின்றது. மேடையில் பேசியதெல்லாம் சும்மா என்று ஊரைக் கூட்டிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, மானம் தடுத்தது.

நாலாவது நாள் நான் பள்ளி விட்டு வரும்போது அப்பா கிணற்றுக்குள் இறங்கி மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தார். ரோட்டுக்காரர்கள் வருவதற்குள் எடுத்து வைத்துவிட வேண்டுமாம். மேலே நின்று எட்டிப் பார்த்தேன். அறுபதடிக்குக் கீழே அவர் முதுகு மட்டும் தெரிந்தது. நட்டு நட்டாகக் கழற்றித் துண்டில் முடிந்துகொண்டிருந்தார். அன்றைக்கு நான் அழுத அழுகை அம்மா போன அன்றுகூட அழவில்லை.

அதே வாரம் இன்னொன்றும் பார்த்தேன். குடிசைக்காரி கூரைக்குப் புதுக் கீற்று வேய்ந்துகொண்டிருந்தாள். ரோட்டுப் பேச்சு கிளம்பியதிலிருந்தே அது எந்தப் பக்கம் வருமோ என்று பயந்து, ஒழுகுகிற கூரையை மழைக்காலம் முழுக்க அப்படியே விட்டு வைத்திருந்தவள். நான் போவதைப் பார்த்ததும் ஏணியிலிருந்து இறங்கி ஓடி வந்தாள்.

“டீச்சரம்மா, அன்னைக்கு நானும் பந்தலுக்கு வெளிய நின்னு கேட்டனுங்க. மாரியாயி முன்னால சொல்லிப்போட்டீங்க. இனி எங்க பக்கம் ரோடு வராதுங்களே?”

வராது என்று தலையை ஆட்டினேன். பஸ் வந்துகொண்டிருந்தது. ஆட்டாமல் என்ன செய்வது என்று அப்போது தோன்றியது.

அப்பாவை நகர்த்த ஒரே வழிதான் இருந்தது. எங்கள் பக்கத்தில் எதையாவது தீர்மானிக்க முடியாவிட்டால் கோயிலில் பூப் போட்டுக் கேட்பார்கள். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம், இரண்டையும் ஒரே மாதிரி இலையில் மடித்துச் சாமி காலடியில் வைத்து, சின்னக் குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. பெண் கொடுப்பதிலிருந்து கிணறு வெட்டுவது வரை இப்படித்தான்.

“அவகிட்டக் குடுத்த வாக்க அவகிட்டயே கேட்டுப் பாக்கலாமுங்கப்பா. வேண்டாம், திருப்பி எடுத்துக்கங்கன்னு அவ சொல்லிட்டா?” என்றேன்.

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “கேக்கலாம்” என்றார். “என்ன வருதோ அதுக்குக் கட்டுப்படோணும். நீயும்.”

மறு வெள்ளிக்கிழமை காலையில் பொட்டலங்களை நான்தான் கட்டினேன். வேலியோரம் இரண்டு அரளியும் பூத்து நின்றன. சிவப்பை ஒரு கை பறித்தேன். பறித்துக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தேன். பிறகு மாட்டுக் கட்டுத்தரைக் கூளத்தில் போட்டு மூடிவிட்டு, இரண்டு இலையிலும் வெள்ளையையே வைத்து மடித்தேன். பயமாக இல்லாமல் இல்லை. ஆனால் கண்ணை மூடினால் கிணற்றுக்குள் அப்பாவின் முதுகு வந்து நின்றது.

பூசாரியின் மகள், மூன்று வயதுக் குழந்தை, ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டியது. அப்பா பிரித்தார். வெள்ளை. இத்தனை வருஷத்தில் அவர் சத்தம் போட்டு அழுது நான் கேட்டது அன்றைக்குத்தான். “தாயே, உட்டுட்டயா, உட்டுட்டயா” என்று நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். இன்னொரு பொட்டலத்தை எடுத்து நான் முந்தானையில் முடிந்துகொண்டேன். யாரும் கேட்கவில்லை. பூசாரி எனக்குத் திருநீறு கொடுத்தார், வாங்கிப் பூசிக்கொண்டேன்.

திங்கட்கிழமை மனு தாலுகா ஆபீசுக்குப் போனது. இரண்டு மாதம் கழித்து அதே அளவைக்காரர் வந்து கல்லைப் பிடுங்கிக் கிழக்கே இருபதடி தள்ளி நட்டார். அப்பா மோட்டாரை மறுபடியும் இறக்கிப் பூட்டினார். ரோட்டைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். இருபதடி தள்ளியதால் வளைவு முழுசாக நேராகவும் இல்லை, பழையபடி வளைவாகவும் இல்லை, இரண்டுங்கெட்டானாக நின்றுவிட்டது. மிச்சமாவது அரை நிமிடம் கூட இருக்காது. ரோடு திறந்த அந்த வருஷமே ஒரு லாரி கவிழ்ந்தது.

குடிசைகளை எடுக்கச் சொல்லித் தலையாரி வந்து சொல்லிவிட்டுப் போன மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, அவள் எங்கள் வேலிப் படலுக்கு வெளியே வந்து நின்றாள். அவள் புருஷன் கூரையைப் பிரித்துக்கொண்டிருந்தான். வேய்ந்து மூன்று மாதம்கூட ஆகாத கீற்று. ஏரிக்கரையில் ஓர் இடம் பார்த்திருப்பதாகச் சொன்னாள். அவள் கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள், மேடையில் சொன்ன வாக்கு என்ன ஆயிற்று என்று கேட்பாள் என்று மூன்று நாளாக நான் பதில்களை வரிசை கட்டி வைத்திருந்தேன்.

அவள் கத்தவில்லை.

“பூவுல வந்துருச்சாமுங்களே. பண்ணாடி சொன்னாங்க” என்று அப்பாவைச் சொன்னாள். “கெணறு இருக்கட்டும், இதுக எந்திரிச்சுப் போவட்டும்னு அவளே சொன்னதுக்கப்பறம் நாங்க ஆருகிட்டங்க போயி நாயம் கேக்கறது? போறமுங்க. ஒண்ணே ஒண்ணுதான் வெளங்கலீங்க டீச்சரம்மா. நோம்பிக்கு நோம்பி தப்பாம மாவெளக்கு இடிச்சேன். அம்மை வாத்தப்ப ஈரத்துணியோட அடிப்பிரதட்சணம் பண்ணினேன். எங்கமேல அவளுக்கு என்னுங்க கோவம்? நீங்க நாலெழுத்துப் படிச்சவங்க. நாங்க என்ன தப்புப் பண்ணிப்போட்டமுன்னு சித்த ரோசன பண்ணிச் சொல்லுங்க.”

அவள் நிஜமாகவே கேட்டாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னால் கிணற்றடியில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

“எனக்குத் தெரியலயே” என்றேன்.

“உங்களுக்கே தெரியலீன்னா எனக்கு எங்க தெரியப் போகுது” என்றாள். வர்ற நோம்பிக்குத் தீச்சட்டி எடுப்பதாக வேண்டிக்கொண்டிருக்கிறாளாம், மாரியாயி கோபம் தணியட்டும் என்று. பிறகு கீழே கிடந்த கீற்றுக் கட்டைக் காட்டி, “சித்த ஏத்தி உடுங்க சாமி” என்றாள்.

குனிந்து எடுத்து அவள் தலைமேல் ஏற்றிவிட்டேன்.